கிழக்குக் கடற்கரைச் சாலையில் லைன் வண்டியோடு பதினோரு வருடம்

ஈ.சி.ஆர். என்றால் சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் போகிற வழி, கடலோர ரிசார்ட், சனிக்கிழமை ராத்திரி பைக் ரேஸ். நான் சொல்லப்போவது அதே ரோட்டின் வால் பகுதியை. நாகப்பட்டினம் தாண்டி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கட்டுமாவடி, மீமிசல், தொண்டி, ராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் என்று சின்னச் சின்ன ஊர்களைக் கோத்துக்கொண்டு தூத்துக்குடியில் போய் முடிகிற நீளம். பேருக்கு தேசிய நெடுஞ்சாலை 32. ஓட்டுகிற எங்களுக்கு இன்றைக்கும் ஈ.சி.ஆர்.தான்.

ராமநாதபுரத்தில் ஒரு மொத்தக் கடைக்கு லைன் வண்டி ஓட்டினேன். பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி, ஊறுகாய் பாக்கெட் எல்லாவற்றையும் குட்டியானை என்று நாங்கள் சொல்கிற டாடா ஏஸ் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பெட்டிக்கடைகளுக்குப் போட்டுவிட்டு, போன வாரத்துப் பாக்கியை வசூல் பண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். திங்களும் வியாழனும் தெற்கு லைன், வேம்பார் வரை. செவ்வாயும் வெள்ளியும் வடக்கு லைன், கட்டுமாவடி வரை. வடக்கு லைன் போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 2012-ல் ஆரம்பித்தது, 2023-ல்தான் சாவியைக் கொடுத்தேன்.

இந்த ரோட்டில் வளைவு குறைவு. மலை கிடையாது, ஏற்றம் கிடையாது. இரண்டு பக்கமும் கருவை மரம், நடுவில் தார். ஓட்டத் தெரியாதவனும் 80-ல் போவான். புதிதாக வருகிறவர்கள் அதில்தான் ஏமாறுகிறார்கள். இங்கே ரோட்டைப் பார்த்து ஓட்டினால் மட்டும் போதாது, இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாசம் என்று தெரிந்து ஓட்ட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

முதல் விழுகை மீன்தண்ணியில். வண்டி கைக்கு வருவதற்கு முன்னால், கடைகளைப் பார்த்து ஆர்டர் எடுக்க மட்டும் டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்டில் அனுப்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீமிசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மழையில்லை, வெயில் ஏறவில்லை, நேர் ரோடு. வேகத்தடை வருகிறதே என்று பின் பிரேக்கை லேசாகப் பிடித்தேன், அவ்வளவுதான். வண்டி எனக்கு முன்னால் படுத்துக்கொண்டு போனது, நான் பின்னால் உட்கார்ந்தபடி போனேன். எழுந்து பார்த்தால் பேண்ட் முழுக்கக் கவிச்சி. கையில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. ரத்தமும் ஐஸ் தண்ணியும் செதிலும் கலந்த திரவம் அது. மீன் லாரியின் பின்பக்கக் குழாய் வழியாக ஒழுகிக்கொண்டே போகும். ஓடுகிற வரை ரோடு முழுக்கப் பரவி, சீக்கிரம் காய்ந்துவிடும். வேகத்தடை, செக்போஸ்ட், பாலத்துத் திருப்பம் என்று லாரி மெதுவாகிற இடத்தில்தான் கொட்டித் தேங்கும். நாம் பிரேக் போடுகிற இடமும் அதுதானே.

பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார். கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டார், "காக்கா உக்காந்திருந்துச்சே தம்பி, பாக்கலையா?"

"எந்தக் காக்கா?" அந்தக் கடலோர ஊர்களில் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ உட்கார்ந்திருந்தாரோ என்று நான் குழம்பிவிட்டேன்.

"அட, பறக்குற காக்கா. நடுரோட்டுல நாலஞ்சு உக்காந்து கொத்திச்சுன்னா அங்க மீன்தண்ணி இருக்குன்னு அர்த்தம்."

பதினோரு வருடத்தில் நான் கேட்ட நல்ல போக்குவரத்துப் போர்டு அது. காக்கை கூடியிருந்தால் இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே விட்டுவிட வேண்டும், அந்த ஈரத்தின் மேல் பிரேக்கைத் தொடவே கூடாது. நாய் நக்கிக்கொண்டிருந்தாலும் அதே கணக்குதான். லேசாகத் தூறல் போட்டால் இன்னும் மோசம். காய்ந்து கிடந்ததெல்லாம் மறுபடி சோப்பு மாதிரி ஆகிவிடும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், பயமில்லை.

இதில் கிழமை எங்கே வருகிறது என்றால், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரைக்கு வரும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் மீன் லாரிகள் கிளம்பும். கேரளாவுக்குப் போகிற வண்டி ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அந்த டிரைவரிடம் போய்ப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. பின்னால் லைட் அடித்தால் நான் ஒதுங்கி வழிவிட்டுவிடுவேன். ரோஷத்துக்கு அங்கே இடமில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். அப்போது ரோடு காய்ந்து கிடக்கும். ஆனால் கடைகளில் வசூலும் காய்ந்துவிடும். மீனவர் கையில் காசு இல்லையென்றால் பெட்டிக்கடையில் பிஸ்கட் நகராது. ஒரு கடைக்காரர் அந்த இரண்டு மாசமும் என்னைக் கண்டாலே பாதி ஷட்டரை இறக்கிவிடுவார்.

அடுத்தது ஆடு. ஆடு குறுக்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

உப்பூர் தாண்டி ஒரு மந்தை கடந்தது. நல்ல பிள்ளையாக வண்டியை நிறுத்தினேன். இருபது ஆடு இருக்கும். எல்லாம் போய்விட்டது, ஓட்டிக்கொண்டு வந்த அப்பத்தாவும் போய்விட்டார். கியர் போட்டு எடுத்தேன். கருவைப் புதரிலிருந்து ஒரே ஒரு குட்டி, காதை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து முன் சக்கரத்தில் விழுந்தது. சத்தம் கூட வரவில்லை. ஸ்டியரிங்கில் லேசாக ஒரு அசைவு மட்டும் தெரிந்தது.

அப்பத்தா திரும்பி வந்தார். கம்பை ஓங்குவார் என்று நினைத்தேன். குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணு இல்லையாடா உனக்கு? தாயி அந்தப் பக்கம் நின்னு கத்துறா. குட்டி இந்தப் பக்கம் நிக்குது. அது எங்க போகும், உன் வண்டிக்குள்ளயா?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் தாய் ஆடு கத்திக்கொண்டுதான் இருந்தது. நான் பாட்டுப் போட்டிருந்தேன்.

ஐந்தாயிரம் கேட்டார். குட்டிக்கு ஐந்தாயிரமா என்றேன். "பொட்டக் குட்டிப்பா. அது போடுற குட்டிய நீ கணக்குல எடுக்கலையா?" என்றார். கூட்டம் கூடி, யாரோ ஒரு பெரியவர் பேசி, மூவாயிரத்தில் முடிந்தது. பையில் இருந்தது கடை வசூல் பணம், அதில் கை வைக்க முடியாது. என் பணம் ஆயிரம் கொடுத்தேன். மீதியை அடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் நின்று கொடுத்தேன். கடைசித் தவணை அன்று, "கைவிடாம வந்துட்ட" என்று சொல்லி ஒரு பை நிறைய நுங்கு கொடுத்தார். ஓடிப்போயிருந்தால் அந்த ஊரில் என் வண்டி மறுபடி நிற்க முடியாது, நாலு கடை போயிருக்கும். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரக் கணக்கிலும் நிற்பதுதான் லாபம்.

அதற்கப்புறம் ஆடு கடந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, கடந்து போனவை எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன என்று பார்ப்பேன். திரும்பிப் பார்த்தால் இந்தப் பக்கம் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது. பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பஸ் நின்று, அம்மா ஒரு பக்கமும் பிள்ளை மறு பக்கமும் இருந்தால், பிள்ளை வண்டியைப் பார்க்காது, அம்மாவைத்தான் பார்க்கும்.

காலை ஆறு, ஆறரைக்குத் தள்ளுவண்டிகள் வேறு. இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருகிற இடத்துக்கு, நாலு சக்கரம் வைத்த இரும்புத் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடம் அடுக்கிப் பெண்கள் ரோட்டோடு தள்ளிக்கொண்டு போவார்கள். நிறைகுடத்தோடு அந்த வண்டியைச் சட்டென்று ஒதுக்க முடியாது. ஹாரன் அடித்தால் பதறிக் குடம் சரியும், அப்புறம் ஒரு மணி நேர வரிசை வீண். நாம்தான் ஒதுங்க வேண்டும். என் தெற்கு லைனில் ஹாரனே அடிக்காமல் போகிற இரண்டு கிலோமீட்டர் உண்டு.

தை, மாசியில் ரோடே களமாகிவிடும். உளுந்து, கொள்ளு, குதிரைவாலிக் கதிர் எல்லாவற்றையும் தாரில் பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டி மிதித்துக் கொடுக்கும். சட்டப்படி தப்புதான். ஆனால் களம் இல்லாத ஊரில் வேறென்ன செய்வார்கள் என்றும் தோன்றும். நானும் சந்தோஷமாக மிதித்துக்கொண்டு போவேன், ஒரு நாள் சாயல்குடிக்கு இந்தப் பக்கம் தீய்ந்த வாடை வருகிற வரைக்கும். கிளட்ச் போய்விட்டது என்று நினைத்து இறங்கிக் குனிந்தால், சைலன்சரைச் சுற்றிக் கொடி திரித்த மாதிரி சக்கை சுற்றியிருக்கிறது, ஓரத்தில் கனிந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் கேனைக் கவிழ்த்து அணைத்தேன். மேலே இருந்த சரக்கு இருபது பண்டல் தீப்பெட்டி. நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே கதிர் பரப்பியிருந்தால், முடிந்தால் ஓரம் விலகிப் போங்கள். மிதித்துத்தான் போக வேண்டுமென்றால் அதன் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சருக்குக் கீழே காய்ந்த சக்கை இருந்தால் போதும். தாண்டி அரை கிலோமீட்டரில் இறங்கி ஒரு தடவை அடியில் பாருங்கள். தரையோடு தரையாகப் போகிற கார்களுக்கு இது இன்னும் முக்கியம். அப்புறம் அந்தக் கல். பரப்பிய இடத்துக்கு அடையாளமாகப் பெரிய பெரிய கல்லாக வைத்திருப்பார்கள். சாயந்தரம் கதிரை அள்ளுவார்கள், கல்லை அள்ள மறந்துவிடுவார்கள். ராத்திரி அந்த இடத்தைக் கடக்கிற பைக்காரனுக்கு அங்கே பகலில் களம் இருந்தது என்று எப்படித் தெரியும்? கதிரைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. கல்லைப் பற்றி நிறைய உண்டு.

ஆடியில் காற்று. கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது சரக்கு உள்ள வண்டி தாங்கும். எல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் ஆட்டும். கருவைக் காடு இருக்கிற வரை ஒன்றும் தெரியாது, வெட்டவெளி வந்ததும் ஒரு தள்ளு தள்ளும். தார்ப்பாயை மடித்துக் கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். திருவிழா ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும், அதற்கு முன்பே கூட்டம் கூட்டமாகக் காவி உடுத்திக்கொண்டு வடக்கு நோக்கி நடப்பார்கள். பகல் வெயிலில் மரத்தடியில் படுத்துவிட்டு ராத்திரியில்தான் நடை. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் உண்டு, ஒட்டாதவர்கள் அதிகம். அந்த நாட்களில் இருட்டுவதற்குள் லைனை முடித்துக்கொள்வேன். செப்டம்பர் 11, அக்டோபர் 30 ஒட்டிய நாட்களில் ராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் பசும்பொன்னில் தேவர் குருபூஜைக்குமாகப் போலீஸ் வண்டிகளைத் திருப்பிவிடும். அன்றைக்கு வியாபாரத்துக்குக் கிளம்புவது பெட்ரோல் தண்டம். வீட்டில் இருப்பதே உத்தமம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தனியாகச் சொல்ல நிறைய இல்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் நிற்பது, அவ்வளவுதான். கலங்கலாக ஓடுகிற தண்ணீருக்கு அடியில் தார் இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது. முன்னால் போன பஸ் தாண்டியது என்பது என் ஒன்றரை டன் வண்டிக்கு உத்தரவாதம் இல்லை.

கஜா புயல் மட்டும் வேறு. 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு வடக்கே போனேன். கட்டுமாவடி நெருங்க நெருங்க, தெரிந்த ரோடு தெரியாத ரோடாக ஆனது. எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு நான் வைத்திருந்த அடையாளங்கள் எல்லாம் தென்னந்தோப்புகள். தோப்பு படுத்துவிட்டது. மரங்கள் எல்லாம் ஒரே திசையில், சீப்பால் வாரிய மாதிரி. ஊர்க்காரர்களே அரிவாளும் கயிறும் வைத்து ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு வெட்டி வழி பண்ணியிருந்தார்கள். கையில் அரிவாள் வைத்திருந்த ஒருவர், "எங்களுக்கு மெழுகுவர்த்தி வேணாம்ணே, சார்ஜர் எதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். வண்டி பேட்டரியில் பத்துப் பதினைந்து செல்போனுக்கு மாற்றி மாற்றிச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். சரக்கை விட அதற்குத்தான் அன்றைக்கு மதிப்பு. அதிலிருந்து வண்டியில் நைலான் கயிறு, டார்ச், இரண்டு மூன்று சார்ஜர் வயர் எப்போதும் இருக்கும். அரிவாளும் வைத்துக்கொண்டேன். செக்போஸ்டில் அதற்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வீட்டில் வைத்துவிட்டேன்.

வண்டிப் பராமரிப்பு பற்றி இரண்டு விஷயம். வாலிநோக்கம், தூத்துக்குடி உப்பளப் பக்கம் ஓடுகிற வண்டியை வாரம் ஒரு முறை அடியில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே சேஸிஸ் அப்பளம் மாதிரி உதிரும். என் முதல் வண்டி அப்படித்தான் போனது. இரண்டாவது, சும்மா சும்மா மண்ணில் இறக்காதீர்கள். கருவை முள் டயரில் ஏறினால் உடனே காற்று இறங்காது, அடுத்த ஊர் தாண்டி, கடை இல்லாத இடமாகப் பார்த்துத்தான் இறங்கும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் சில இடங்களில் அரை அடிப் பள்ளம் இருக்கிறது. எதிர் வண்டிக்கு ஒதுங்குகிற பைக்காரர்கள் அந்த விளிம்பில் ஏற முடியாமல்தான் சரிகிறார்கள். இறங்கிவிட்டால் உடனே ஏற முயலாமல், மண்ணிலேயே போய் வேகம் குறைந்த பிறகு ஏறுங்கள்.

அப்படிச் சரிந்த ஒருவரைத் தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு ராத்திரி பார்த்தேன். தலையில் அடி, நினைவு இருந்தது. 108-க்கு அடித்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கே என்று சொல்வது? இந்தப் பக்கமும் கருவை, அந்தப் பக்கமும் கருவை. போனை வைத்துக்கொண்டு உளறினேன். அடிபட்டவரே முனகலாகச் சொன்னார், "கல்லப் பாருங்கண்ணே, கல்லு." நூறு அடி ஓடிப் போய், டார்ச் அடித்து, மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல்லில் இருந்த ஊர்ப்பெயரையும் எண்ணையும் படித்துச் சொன்னேன். வண்டி நேராக அங்கேயே வந்து நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லையும் கடக்கும்போது எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

கூடப் போனால் கேஸில் மாட்டிவிடுவார்கள் என்று அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. உதவி செய்தவர் மேல் அதற்காக வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-லேயே 134ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள், பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-ல் விதியும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் குறிப்பிட்ட தொகை வரை இலவசம். இன்னுயிர் காப்போம் என்று 2021 டிசம்பரில் வந்தது. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவரோடு நான் கூடப் போன அந்த ராத்திரி அதைச் சொல்லித்தான் அட்மிஷன் போட வைத்தேன்.

இப்போது ராமநாதபுரத்திலேயே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். லைன் வண்டிப் பையன்கள் எனக்குச் சரக்குப் போட வருகிறார்கள், நான் பாக்கி வைக்கிறேன். முந்தாநாள் சாயந்தரம் ஒருவன் வந்து நின்றான். வண்டி முன்கண்ணாடியில் செதில் ஒட்டிய கறை, வைப்பரால் தேய்த்து அரைவட்டமாக இழுத்து விட்டிருந்தான். காலையில் வடக்கு லைன் போயிருக்கிறான், ஏதோ ஒரு மீன் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். கிழமையைக் கேட்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.